கள்ளி நாற்று சிவந்தால் தண்ணீர் மருந்தாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், மொட்டைமாடியில் கள்ளிச் செடிகளை விதையிலிருந்து வளர்ப்பது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தொட்டியோடு ஒரு கள்ளியை வாங்கி வந்து சன்னலோரம் வைப்பதோடு நின்றுவிடும் பலரை விதை போடும் அளவுக்கு அழைத்து வந்த கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றி. ஆனால் நாற்றுகளின் நிறமாற்றம் குறித்து அவர் எழுதியுள்ள பத்தியில் மூன்று பிழைகள் உள்ளன. கள்ளி பாலைவனத் தாவரமாகையால் முளைத்த முதல் வாரத்திலேயே முழு வெயிலில் வைக்கலாம் என்கிறார். நாற்று சிவந்தால் அது தாகத்தின் அறிகுறி, உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்கிறார். அந்தச் சிவப்பு ரோஜாவுக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் என்கிறார். கடைசிப் பிழையால் எந்த நாற்றும் சாகாது. முதல் இரண்டும் அப்படியல்ல. பள்ளியில் நெடுங்காலம் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதைக் காட்டிலும், இவ்விரண்டையும் என் வீட்டு மாடியில் நானே செய்து பார்த்து நாற்றுகளைப் பறிகொடுத்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பேச்சுக்குள் நுழையுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். வேலியோரம் நிற்கும் சதுரக்கள்ளியையும் திருகுகள்ளியையும் நாம் கள்ளி என்றே அழைக்கிறோம். அவை ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை, கிள்ளினால் பால் வடியும். கட்டுரையாளரும் நானும் பேசுவது கேக்டஸ் குடும்பத்துக் கள்ளிகளைப் பற்றி. சப்பாத்திக்கள்ளியும் டிராகன் பழக் கொடியும் இந்தக் குடும்பம். இவற்றின் முட்கள் பஞ்சுத் திட்டுப் போன்ற சிறு மெத்தைகளிலிருந்து கிளம்பும். ஒன்றே ஒன்றைத் தவிர இக்குடும்பத்து இனங்கள் யாவும் அமெரிக்கக் கண்டங்களையே தாயகமாகக் கொண்டவை.

கள்ளி நாற்றைப் பார்த்திராதவர்கள் அதை வளர்ந்த செடியின் சிறு வடிவமாகக் கற்பனை செய்துகொள்வார்கள். பெரும்பாலான உருண்டைக் கள்ளிகளின் விதை கடுகை விடச் சிறியது; சிலவற்றுக்குத் தூள் என்றுதான் பெயர் வைக்க வேண்டும். பல இனங்களின் விதைகள் முளைப்பதற்கே வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்ணின் மேல் தூவிவிட்டு மூடாமல் விடுகிறோம். ஒரு வாரம் பத்து நாளில் எழுவது குண்டூசித் தலை அளவுள்ள ஒரு பச்சை மணி. அவரை, புளி ஆகியவற்றைப் போல இதற்கும் வித்திலைகள் இரண்டு உண்டு. ஆனால் உருண்டைக் கள்ளிகளில் அவை வெறும் இரண்டு புடைப்புகளாகச் சுருங்கியிருக்கும். வளர்ந்த கள்ளிக்கு அடர்ந்த முள்ளும், உச்சியில் கம்பளியும், தோலின் மேல் மெழுகும், ஒன்றன்மேல் ஒன்று நிழல் போடும் விலாப் பட்டைகளும் இருக்கின்றன. நாற்றுக்கு இவற்றில் எதுவும் இல்லை. குடையும் செருப்பும் இல்லாமல் நிற்கும் அந்தக் குழந்தையைத்தான் பாலைவனத்துச் செடியாயிற்றே என்று வெயிலில் நிறுத்தச் சொல்கிறது கட்டுரை.

பாலைவனத்திலேயே கூட அது அப்படி வளர்வதில்லை. அரிசோனாவிலும் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலும் பரந்திருக்கும் சொனோரன் பாலைவனத்தின் சகுவாரோ கள்ளியை எடுத்துக்கொள்வோம். மேற்கத்தியப் படங்களில் கை தூக்கி நிற்குமே, அதே கள்ளிதான். நாற்பது அடிக்கும் மேல் வளரக்கூடிய அந்தக் கள்ளி, முதல் 8 ஆண்டுகளில் வளர்வது ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம். ஒரு மரம் தன் வாழ்நாளில் கோடிக்கணக்கான விதைகளை உதிர்த்தாலும் அவற்றில் பிழைப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அப்படிப் பிழைப்பவற்றில் பெரும்பாலானவை பாலோ வெர்டே, மெஸ்கீட் போன்ற மரங்களின் காலடியில் நின்றவை. கோடையின் வெயிலையும் குளிர்காலத்தின் உறைபனியையும் அந்த மரங்கள் தாங்கிக்கொள்வதால் அவற்றைத் தாவரவியலார் செவிலிச் செடிகள் என்கிறார்கள். மெஸ்கீட் என்பது நம் ஊர்க் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பு என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. நாம் வேரோடு பிடுங்க அலைகிற ஒரு மரத்தின் தங்கை அங்கே கள்ளிக் குழந்தைகளுக்குச் செவிலியாக இருக்கிறாள்.

இனி என் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில் ஒரே தட்டில் தங்க உருண்டைக் கள்ளி, ஜிம்னோகேலிசியம், அஸ்ட்ரோபைட்டம் ஆகிய மூன்றின் விதைகளை வரிசை வரிசையாகப் போட்டேன். முளைப்பு நன்றாக இருந்தது. ஏழு வாரங்கள் வரை மாடிப்படியின் சன்னலோரம் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிறகு, செடி விற்கும் நண்பர் ஒருவர், வெயில் காட்டாவிட்டால் கள்ளி நோஞ்சானாகிவிடும் என்று சொன்னதன் பேரில், தட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் கொண்டுபோய் வைத்தேன். தொட்டியின் நிழல் தட்டின் ஒரு பாதியில் சாய்வாக விழுந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் மாலையில் பார்த்தபோது அந்த நிழலின் எல்லை நாற்றுகளின் மேலேயே நிறத்தால் வரையப்பட்டிருந்தது. ஒரு பக்கம் பச்சை மணிகள். மறுபக்கம் செம்பு நிறமும் பீட்ரூட் நிறமும் கலந்த மணிகள். மூன்று இனங்களிலும் கோடு தொடர்ச்சியாக ஓடிற்று. ஒரே விதை, ஒரே மண், ஒரே தண்ணீர் என்றிருக்கும்போது அந்தக் கோட்டுக்குக் காரணம் வெளிச்சம் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்பது, பாடப்புத்தகத்தை வைத்துப் பல தலைமுறை மாணவர்களுக்குச் சோதனை முறை கற்பித்த எனக்கு அன்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. சிவந்த பக்கம் வாடுகிறது என்று எண்ணிக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். அடுத்த வாரம் சிவந்தவற்றில் சில வெளுத்தன. மற்றவை அடித்தண்டில் கண்ணாடி போல நீர்கோத்துச் சாய்ந்தன. வெளுத்தவை வெயிலால் செத்தவை, சாய்ந்தவை என் தண்ணீரால் நாற்றழுகல் கண்டு செத்தவை. தொட்டி நிழலில் இருந்த பாதி மட்டும் மிஞ்சியது.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும். பச்சையம் ஒளியைப் பிடிக்கிறது. பிடித்த ஒளியைச் செடி சர்க்கரையாக்க வேண்டும். சிறு நாற்றால் ஆக்கி முடிக்க இயலாத அளவுக்கு ஒளி வந்து குவிந்தால், மிச்சமாகும் ஆற்றல் பச்சையத்தின் அருகிலேயே ஆக்சிஜனை வீரியமிக்க வடிவங்களாக மாற்றிச் செல்களை அரிக்கத் தொடங்குகிறது. அதைத் தடுக்கச் செடி தன் மேல்தோலில் ஒரு நிறமியைக் கூட்டுகிறது. அந்த நிறமி ஒளியின் ஒரு பகுதியைத் தானே உறிஞ்சிக்கொள்வதோடு, அந்த வீரிய வடிவங்களையும் தணிக்கிறது. பச்சையின் மேல் சிவப்பு விழும்போது நம் கண்ணுக்குச் செம்பாகவோ காப்பிப்பொடி நிறமாகவோ தெரிகிறது; அழுகல் என்று பயந்து தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

கட்டுரையாளர் ஆந்தோசயனின் என்று சொன்ன இடம் இதுதான். கத்திரிக்காய்த் தோலுக்கும் நாவல் பழத்துக்கும் செம்பருத்திக்கும் அது சரி. கள்ளிகளில் இருப்பது பீட்டாலைன் என்னும் வேறொரு நிறமிக் குடும்பம்: செந்நீலம் தருபவை பீட்டாசயனின்கள், மஞ்சள் தருபவை பீட்டாசாந்தின்கள். பீட்ரூட்டிலிருந்து பெயர் வந்தது. கள்ளிகள் சேர்ந்திருக்கும், பல தாவரக் குடும்பங்கள் அடங்கிய பெரும் வரிசையில்தான் தண்டுக்கீரையும் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் அந்திமந்தாரையும் காகிதப்பூவும் இருக்கின்றன. செங்கீரை வேகும்போது தண்ணீரில் இறங்கும் நிறமும் சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தின்ற பிள்ளைகளின் உதட்டு நிறமும் ஒரே சரக்கு. இதில் வியப்பானது என்னவென்றால், பீட்டாலைன் செய்யும் செடி எதுவும் ஆந்தோசயனின் செய்வதில்லை, அதைச் செய்யும் செடி இதைச் செய்வதில்லை. இரண்டையும் ஒருங்கே கொண்ட தாவரம் இயற்கையில் அறியப்படவில்லை. ஆகவே கள்ளியின் சிவப்பை ரோஜாவோடு ஒப்பிடுவது, படத்துக்கு நன்றாக இருக்குமே தவிர, உறவுமுறையில் தவறு.

சிவப்பு தாகத்தின் அறிகுறி என்ற கருத்து எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் ஊகிக்க முடிகிறது. தண்ணீர் குறையும்போது சர்க்கரை ஆக்கும் வேலை மெதுவாகிறது; நேற்று வரை போதுமானதாக இருந்த அதே வெளிச்சம் இன்று மிகையாகிவிடுகிறது. வேர் அறுந்தாலும், வேர் அழுகினாலும், இரவுக் குளிர் கடுமையாக இருந்தாலும் இதே கதை. எனவே தாகத்தால் சிவப்பது உண்டு. ஆனால் தாகத்தால் சிவந்த நாற்று சிவப்போடு நிற்காது, சுருங்கவும் செய்யும். மண் ஈரமாக இருந்து, நாற்றும் உப்பலாக இருந்து, நிறம் மட்டும் மாறியிருந்தால் கை தண்ணீர்க் குவளைக்குப் போகக் கூடாது, தட்டைத் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். நான் பார்த்த வரையில், நிழலுக்கு மாற்றிய செம்பு நிற நாற்றுகள் இரண்டு மூன்று வாரங்களில் பச்சைக்குத் திரும்பிவிடுகின்றன.

வெளுப்பு அப்படித் திரும்புவதில்லை. பச்சையமே சிதைந்து, முதலில் மங்கிய மஞ்சளாகவும் பின்னர் எலும்பு வெண்மையாகவும் ஆன இடம், பிழைத்தால் மரப்பட்டை போன்ற தழும்பாக ஆயுளுக்கும் நிற்கும். குண்டூசித் தலை அளவிலுள்ள நாற்றில் தழும்புக்கு இடம் ஏது, அது முழுவதுமாகப் போய்விடும். இதற்கு நேரெதிர் வெளிச்சக் குறைவு. நாற்று வெளிர் பச்சையாகி, உருண்டை வடிவை விட்டுத் தீக்குச்சி போல நீண்டு, சன்னல் பக்கம் சாயும். பிறகு நல்ல வெளிச்சம் கொடுத்தால் புது வளர்ச்சி பருமனாக வரும். ஆனால் நீண்டுபோன அடிப்பகுதி பருக்காது, உடுக்கையின் இடை போல ஒடுங்கியே இருக்கும். ஆக, நீண்டு வெளிறுவதும் வேண்டாம், வெளுப்பதும் வேண்டாம். இலேசான செம்மை தட்டும் நிலை, இதற்கு மேல் போகாதே என்று நாற்று சொல்லும் இடம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கட்டுரையில் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன்: எல்லா இனங்களுக்கும் பச்சைதான் இயல்பு என்பதில்லை. அஸ்ட்ரோபைட்டம் ஆஸ்டீரியாஸ் போன்றவற்றின் நாற்றுகள் நல்ல நிழலிலும் சற்றுப் பழுப்பாகவே இருக்கக் கூடும். ஒரே தட்டில் ஒரே இனத்தின் நிறம் நேற்றுக்கும் இன்றைக்கும் மாறியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வெளிச்சம் என்பதில் நம் கண் மிக மோசமான சாட்சி. வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகால் அளப்பார்கள். நண்பகலின் நேரடி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வெளிச்சமாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் கூடத்தின் நடுவில் அளந்தால் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். இந்த நூற்றுக்கணக்கான மடங்கு வேறுபாட்டைக் கண் பாப்பா சுருங்கியும் விரிந்தும், அதைவிட முக்கியமாக விழித்திரை தன் உணர்திறனை மாற்றிக்கொண்டும் சமன் செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, நாற்றுக்குத் தெரிகிறது. கைப்பேசியில் அளக்கும் செயலிகள் துல்லியமானவை அல்ல என்றாலும் கண்ணை விட மேல். மாடியில் வெளிச்சத்தில் 75 சதவீதத்தைத் தடுக்கும் நிழல்வலை கட்டி, அதன் மேல் பழைய வேட்டி ஒன்றை இரட்டையாகப் போட்டு, முதல் மூன்று மாதங்களுக்கு 10,000 லக்ஸ் அளவில் வைத்திருக்கிறேன். முள் எழுந்து பற்றிக்கொண்ட பிறகு வேட்டியை எடுப்பேன். அடுத்த ஆண்டில்தான் 50 சதவீத வலை. கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த நாற்றுக்கு இன்னும் பொறுமை வேண்டும். சாதாரணச் சன்னல் கண்ணாடி புறஊதா பி கதிர்களில் பெரும்பகுதியை நிறுத்திவிடுவதால் அந்த நாற்று அக்கதிர்களைக் கண்டதே இல்லை. என் தட்டு மூன்றே நாளில் சிவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காலை வெயிலில் அரை மணி, பிறகு ஒரு மணி என்று வாரக்கணக்கில் பழக்க வேண்டும்.

அடுக்கக வீடுகளில் எல்இடி குழல்விளக்குகளின் கீழ் வளர்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்; விளக்கை மிக நெருக்கமாக இறக்கினால் அங்கும் நாற்று சிவக்கும். கருஞ்சிவப்பாக ஒளிரும் வளர்ப்பு விளக்குகளை நான் விரும்புவதில்லை. அந்த வெளிச்சத்தில் பச்சை கறுப்பாகத் தெரியும், சிவப்பு எப்படித் தெரியும் என்று சொல்லவே முடியாது. நாற்று தன் நிலையைச் சொல்லும் ஒரே வழியான நிறத்தை நாமே மறைத்துவிட்டு என்ன பார்க்கப் போகிறோம்?

கட்டுரை தெற்குப் பார்த்த சன்னலே சிறந்தது என்றும் சொல்கிறது. ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் அது சரியான அறிவுரை. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்கும். ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கும் மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் சூரியன் நண்பகலில் தலைக்கு நேர் மேலே வருகிறது. அவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதங்களுக்கு மேல் வடக்கில் நிற்கிறது. மார்கழியில் கைப்பிடிச் சுவரின் வடபுறம் குளிர்ந்த நிழலாக இருக்கிறதே என்று அங்கே தட்டை வைத்தவர், வைகாசியில் அதே இடம் வெயிலில் காய்வதைக் காண்பார். சுவரின் நிழலை நம்புவதை விட வலையை நம்புவது நல்லது.

கள்ளி என்றாலே வெயில் என்ற எண்ணத்துக்கு, மேலே நான் சொன்ன அந்த ஒரே விதிவிலக்கை விட நல்ல மறுப்பு கிடையாது. ரிப்சாலிஸ் பேக்கிஃபெரா என்னும் அந்தக் கள்ளி அமெரிக்காவுக்கு வெளியே ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்கிறது. காட்டு மரங்களின் கிளைகளில் தொற்றிக்கொண்டு, முள்ளற்ற மெல்லிய தண்டுகளைச் சடை போலத் தொங்கவிட்டிருக்கும். நிழலில் பச்சை, வெயிலில் வைத்தால் அதன் தண்டும் சிவக்கும்.

கட்டுரையோடு அச்சிடப்பட்டிருந்த வண்ணப் படத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு உருண்டைகள் பச்சைக் காம்பின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் செடிகள் நர்சரிகளில் மூன் கேக்டஸ் என்ற பெயரில் விற்கப்படுபவை. அவை விதையிட்டு அப்படியே வளர்ந்தவை அல்ல, ஒட்டுக்கட்டியவை. பராகுவே நாட்டுக்குரிய ஜிம்னோகேலிசியம் மிகானோவிச்சி என்ற கள்ளியில், பச்சையமே இல்லாமல் பிறக்கும் நாற்றுகள் அரிதாகத் தோன்றும். மறைக்கப் பச்சை இல்லாததால் பீட்டாலைன் தன் முழு நிறத்தில் தெரிகிறது. ஆனால் சர்க்கரை ஆக்க வழியில்லாமல், விதையில் இருந்த சேமிப்புத் தீர்ந்ததும் அந்த நாற்று இறந்துவிடும். ஜப்பானில் எய்ஜி வாத்தனாபே என்பவர் 1941 வாக்கில் தம் நாற்றுகளுக்கிடையே கண்ட அத்தகைய சிவப்பு நாற்றுகளை வேறொரு கள்ளியின் மேல் ஒட்டிக் காப்பாற்றினார். இன்றைய சிவப்பு உருண்டைகளுக்கு மூலம் அவையே. இப்போது அடிக்காம்பாகப் பெரும்பாலும் டிராகன் பழக் கொடியே பயன்படுகிறது. தட்டில் ஒரு நாற்று மட்டும் சிவந்திருந்தால், அது இந்த வகையா, வெயில் சிவப்பா என்று அறிவதற்கும் நிழலே சோதனை: வெயில் சிவப்பு பச்சையாகும், பிறவிச் சிவப்பு ஆகாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வானவில் நிறக் கள்ளி விதை என்று இணையத்தில் விற்கும் பொட்டலங்களை வாசகர்கள் வாங்கிவிடக் கூடாது. நானும் ஒருமுறை நீலக்கள்ளி விதை என்று வாங்கினேன். நூறு விதையில் முளைத்த இருபத்து மூன்றும் பச்சை.

கட்டுரையைப் படித்துத் தையில் விதைத்தவர்களின் நாற்றுகளுக்கு இப்போது இரண்டு மாதம் ஆகியிருக்கும். மே முதல் வாரத்தில் அக்னி நட்சத்திரம் தொடங்கும்போது அவை இன்னும் முள் முற்றாத நிலையில்தான் இருக்கும். ஆகவே, முழு வெயிலில் வைக்கலாம் என்ற வரிக்கும், சிவந்தால் தண்ணீர் ஊற்றலாம் என்ற வரிக்கும் ஒரு திருத்தத்தைச் சித்திரை பிறப்பதற்கு முன் வரும் ஏதேனும் ஒரு ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை.